ஆபிரகாமின் மகனுக்கு அப்பா எழுதுவது

மகன்,

நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டிய தேவை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் உன்னிடம் விடைபெற்று மலைரயில் ஏறினேன். நீ நலமாக இருக்கிறாய் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். இதையெல்லாம் வட்சப்பில் குரலாக அனுப்பியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். குரலில் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வரும், அம்மா பின்னால் நின்று திருத்துவாள். ஆகவே எழுதுகிறேன். நீ பொறுமையாக எழுத்துக்கூட்டி வாசி. வலமிருந்து இடமாக வாசிக்கும் ஒரு பாஷையையே இந்த வயதில் படித்துவிட்டாய், அப்பாவின் தமிழ்க் கையெழுத்து உனக்கு ஒரு பொருட்டா?

மே மாதம் எங்கள் குசினி மேசையில் இருந்து இரண்டு விஷயம் சொன்னாய். இலையுதிர் காலத்தில் நீ முறைப்படி யூதனாகப் போகிறாய், அதன் பிறகு சபையில் உன்னைக் கூப்பிடும்போது என் பெயரைச் சொல்லமாட்டார்கள், ஆபிரகாமின் மகன் என்றுதான் சொல்வார்கள் என்பது முதலாவது. நான் செத்தால் நீ பக்கத்தில் நிற்பாய், ஆனால் கிரியை செய்ய முடியாது, கொள்ளி வைக்க முடியாது என்பது இரண்டாவது. நான் எழும்பிப் போய்க் குப்பைப் பையைக் கட்டி வெளியில் வைத்துவிட்டு வந்தேன். நீ போன பிறகு அம்மா, "அரைவாசி கூட நிரம்பாத பையை ஏனப்பா கட்டினனீங்கள்?" என்று கேட்டாள்.  குப்பைப் பை ஒவ்வொன்றுக்கும் வரி கட்டுகிற இந்த வின்டர்தூரில் நாங்கள் குடியிருக்கும் இத்தனை காலத்தில் நிரம்பாத பையை நான் கட்டியது அந்த ஒருமுறைதான். நீ சொன்ன இரண்டுக்கும் பதில்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே பதிலுக்கு வரமாட்டேன், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும் நம்முடைய ஆட்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "ஆர் பொம்பிளை?" பொம்பிளை ஒருத்தரும் இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. நாங்கள் ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்து, "பரவாயில்லை அண்ணை, இப்ப எல்லா இடமும் நடக்கிறதுதானே" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்கிறார்கள். காதலுக்காக ஒருவன் மாறினான் என்றால் நம்முடைய சனத்துக்கு விளங்கும். கோபித்து, ஒரு வருடம் கதைக்காமல் இருந்து, பேரப்பிள்ளை பிறந்ததும் சமாதானமாகிவிடும். பொம்பிளையே இல்லாமல், ஒரு நாள் ஓய்வுக்காகவும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து படிப்பதற்காகவும் ஒருவன் மாறுகிறான் என்றால் அதை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. அம்மா மட்டும் ஒரு கிழமை யோசித்துவிட்டு, உங்கள் சாப்பாட்டு விதிக்கு வேறு பாத்திரம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, உனக்கென்று புதுச் சட்டியும் புது அகப்பையும் வாங்கி, அலுமாரியில் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். "ஆரும் தொடக்கூடாது, அது பிள்ளையின்ர சட்டி" என்று எனக்கு உத்தரவு. மதத்தை விட, நீ எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போய்விடுவாயோ என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை.

யூத ஆட்களை உனக்கு முதலில் காட்டியது உன் வேலைத்தோழன் டானியல் என்று நீ நினைக்கலாம். இல்லை, நான்தான். அகதி மனுவுக்கு முடிவு வராத காலத்தில், எங்கடினில் ஒரு ஹோட்டலில் கோடைக்கால வேலை கிடைத்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அது முழுக்க முழுக்க அவர்களுக்கான ஹோட்டல். இறைச்சிக்கு ஒரு குசினி, பாலுக்கு ஒரு குசினி. நான் இறைச்சிக் குசினியில் உதவியாள். காலையில் அடுப்பை மட்டும் அவர்களுடைய மேற்பார்வைக்காரர் வந்து தன் கையால் பற்ற வைப்பார். அதற்குப் பிறகு வெட்டுவது, வதக்குவது, கிண்டுவது எல்லாம் நாங்கள். தீயை யார் வைத்தார் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அப்போது அது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. தீ வைக்கிற கை எந்தக் கை என்று பார்க்கிற சாதிதானே நாங்களும்.

கோடையின் நடுவில் ஒரு காலம் வந்தது. இறைச்சிக் குசினியைப் பூட்டி, என்னைப் பால் குசினிக்கு அனுப்பினார்கள். விருந்தினர் தலைமயிர் வெட்டவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. அது முடியும் நாளன்று காலையில் மேற்பார்வைக்காரர் வந்து, இன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை என்று கையால் காட்டிவிட்டுப் போனார். சாப்பாட்டு மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் சப்பாத்து இல்லாமல் காலுறையோடு நிலத்தில் இருக்கிறார்கள். ஒருவர் ஒப்பாரி மாதிரி இழுத்து வாசிக்கிறார். ஒருவருக்கு ஒருவர் காலை வணக்கம் கூடச் சொல்லவில்லை. அடுப்பு மூட்டவில்லை, நிலத்தில் இருக்கிறார்கள், அழுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? செத்தவீடு. செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் தேத்தண்ணீர் கொண்டுபோக வேண்டும். அந்த மலையில் அவர்களுக்கு அயலவன் நான் ஒருவன்தான். வேலையாட்களின் அறையில் இருந்த மின்கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, சீனி தூக்கலாகப் போட்டுப் பிளேன்ரீ ஊற்றி, பெரிய தட்டம் ஒன்றில் அடுக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன்.

அது அவர்கள் ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் விரதம் இருக்கும் நாள். வருடத்தின் மிகப் பெரிய துக்க நாள். எனக்கு அது தெரியாது. வாசித்துக்கொண்டிருந்தவர் வாசிப்பை நிறுத்தினார். எல்லாரும் என்னையும் தட்டத்தையும் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த வயதான பெண்ணிடம், இந்த ஊர் டொச் பாஷையில் எனக்குத் தெரிந்த நாலு சொல்லில், யார் செத்தது என்று கேட்டேன். அவர், "வீடு" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்து, நெருப்பு எரிவதைக் கையால் காட்டினார். எப்போது என்று கேட்க எனக்கு அவ்வளவு பாஷை போதாது. போன கிழமையாக இருக்கும் என்று நினைத்தேன். வீடு எரிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நானும் அவர்களோடு நிலத்தில் இருந்தேன். ஒருவரும் குடிக்கவில்லை. ஒருவரும் என்னை எழும்பிப் போகச் சொல்லவும் இல்லை. அந்த வயதான பெண் ஒரு கோப்பையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறியதும் கீழே வைத்தார். எரிந்தது அவர்களுடைய கோயில் என்பதையும், அது எரிந்து இரண்டாயிரம் வருடம் ஆகிறது என்பதையும், பாத்திரம் கழுவும் போர்த்துக்கீசக்காரன் சொல்லித்தான் பின்னேரம் அறிந்தேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. பிறகு அந்தப் பெண் குசினி வாசலுக்கு வந்து எனக்குச் சைகையும் சொல்லுமாக ஆறுதலாக விளங்கப்படுத்தினார்: தங்களிலும் அடக்கம் முடிந்து வந்தவர் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை, முதல் சாப்பாடு அயலவர்தான் கொண்டுவர வேண்டும், நான் செய்த வேலை சரி, நாள்தான் பிழை என்றார். இரண்டாயிரம் வருடத்துச் செத்தவீட்டுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன ஒரே யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இந்தக் கதையை நான் உங்கள் இருவருக்கும் சிரிப்புக்காகச் சொல்வேன். தங்கச்சி சிரிப்பாள். நீ, "பிறகு அவை உங்களோட கோவிக்கேல்லையோ?" என்று கேட்பாய். இல்லை என்றால், "ஏன்?" என்பாய். கேள்விக்கு மேல் கேள்வி. இப்போது நீ போயிருக்கிற இடத்தில் அதைத்தான் படிப்பு என்கிறார்கள். நான் அன்றைக்கு அதை வாய்க்காட்டல் என்றேன்.

ஓய்வைப் பற்றி எழுத வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பொருள் இருந்ததில்லை. நான் உணவகத்தில் ஆறு நாள், ஏழாம் நாள் கந்தோர் துப்புரவு. உனக்குச் சனி காலை தமிழ்ப் பள்ளி, மத்தியானம் மிருதங்கம், பின்னேரம் கணக்கு ரியூஷன். கோடை வந்தால் கோயில் திருவிழா. நம்முடைய திருவிழாவில் யாராவது ஓய்வாக இருந்து பார்த்திருக்கிறாயா? எனக்கு அட்லிஸ்வில் கோயிலில் கார் நிறுத்துமிடம், அம்மாவுக்கு மரக்கறி வெட்டு, உனக்குத் தண்ணீர்ப் பந்தல். சும்மா இருக்கிற பிள்ளையைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. "என்ன சும்மா இருக்கிறாய்?" என்பதுதான் நான் உன்னிடம் அதிகம் கேட்ட கேள்வியாக இருக்கும். அதைப் பிழை என்று நான் இப்போதும் முழுதாக ஒத்துக்கொள்ளமாட்டேன். அப்படி ஓடியதால்தான் நீ பல்கலைக்கழகம் போனாய், வங்கியில் பெரிய கணினி வேலை கிடைத்தது, நானும் கோயிலில் நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

பிறகு ஒரு நாள் காலை, நீ தனியாகக் குடியிருந்த அட்லிஸ்வில்லில், நிலையத்தில் நீ வேலைக்குப் போகும் ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. அடுத்ததும் போனது. நீ மேடையில் போட்டிருந்த மர வாங்கிலிலேயே குந்தியிருந்தாய். தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்து, "கால் எழும்புதில்லை" என்று மட்டும் சொன்னாய். அவள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து உன்னை வின்டர்தூருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். டொக்டர் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தார். லீவு கிடைத்தும் நீ நித்திரை கொள்ளவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாய். "ஒரு சின்ன வேலை ஏதும் எடுத்துச் செய் தம்பி, மனம் மாறும்" என்று நான் ஒரு நாள் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. உன்னை இழந்துவிடுவோமோ என்று நினைத்தேன். இதை அம்மாவுக்கும் சொன்னதில்லை.

உன்னோடு வேலை செய்த டானியல்தான் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு வரச் சொன்னான். சமயம் ஒன்றும் கதைக்கவில்லை. சாப்பிட வா, அதற்குப் பிறகு படு, மறுநாள் பொழுது படும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை, உன்னிடமும் ஒன்றும் செய்யச் சொல்லமாட்டோம் என்றானாம். நீ போனாய். மறுநாள் திரும்பி வந்து, "அப்பா, நான் பத்து மணித்தியாலம் படுத்தனான்" என்று ஏதோ சோதனை பாஸ் பண்ணியது போலச் சொன்னாய். அடுத்த கோடையில் அவர்களுடைய சபை இரண்டு கிழமைக்கு எங்கடினில் ஒரு ஹோட்டலை எடுத்தபோது நீயும் போனாய். அங்கேதான் படிப்புப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததை நீ அறிவாய். நான் அறிந்தது மே மாதத்தில்தான்.

இந்தக் கோடையில் நீ என்னை அங்கே கூப்பிட்டபோது அம்மா, "போட்டு வாங்கோ, போய்ச் சண்டை பிடியாதையுங்கோ" என்று சொல்லி அனுப்பினாள். சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் வந்தேன். முன்வாசலில் நின்று, "இந்த முறை குசினி வாசலால இல்லை, இதால வாங்கோ அப்பா" என்று என் பையை வாங்கினாய். சண்டையை மறுநாளுக்கு ஒத்தி வைத்தேன். மறுநாள் சனிக்கிழமை, காலைப் பிரார்த்தனையில் பின்வரிசையில் இருந்தேன். தலையில் வைக்க ஒரு சின்னத் தொப்பி தந்தார்கள், அது வழுக்கி வழுக்கி விழுந்தது. கிளிப் ஒன்று கொண்டுவந்து தந்தவருக்கு என் தலையைக் காட்டினேன். கிளிப்பைக் கொளுவ அங்கே என்ன இருக்கிறது? அவரும் சிரித்துவிட்டுத் தன் பெரிய தொப்பியை எனக்குத் தந்தார். மத்தியானச் சாப்பாடு, முதல் நாளே அடுப்பில் ஏற்றிச் சின்னச் சூட்டில் விட்ட அவரையும் பார்லியும் இறைச்சியும். அந்தக் காலத்தில் நான் அதை அண்டாக் கணக்கில் கிண்டியிருக்கிறேன். மிளகு காணாது என்று சொன்னேன், உன் ஆட்கள் அதையும் ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார்கள். சாப்பிட்டு முடிய, பழக்க தோஷத்தில் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன். ஒருவர் வந்து என் கையில் இருந்ததை வாங்கிவிட்டு, இன்றைக்கு நீங்கள் விருந்தாளி என்றார். என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் உன்னைத் தேடிக்கொண்டு ஹோட்டலுக்குப் பின்னால் வந்தேன். புல்லில் மல்லாந்து கிடந்து நித்திரை கொண்டாய். புத்தகம் நெஞ்சில் கவிழ்ந்து கிடந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பக்கத்தில் யாரோ ஒருவருடைய கைக்குழந்தையும் அதே மாதிரிக் கிடந்தது. சின்ன வயதில் நீ பகலில் இப்படிப் படுத்திருந்தால் நானே உன்னைக் காலால் தட்டி எழுப்பியிருப்பேன். அன்றைக்குப் பக்கத்து வாங்கிலில் இருந்து, நீ எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைக் கொடுத்தது நாங்கள் இல்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒரே அளவில் இருந்தன.

சண்டையைப் பிடித்தது பிறகு, படிப்பு மேசையில். கோடையில் சனிக்கிழமைப் பின்னேரம் நீளம் என்பதால் அந்த நேரத்தில் கூடியிருந்து படிப்பது அவர்களுடைய வழக்கம் என்று சொன்னாய். எங்கள் கோயிலில் பிரசங்கம் என்றால் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவோம். இங்கே முப்பது பேர், முப்பது பேருக்கும் வாய். அவர்களுடைய குரு, நீங்கள் ரபி என்கிற அந்தப் பையன், உன்னை விட இளையவன் போலத் தெரிந்தான், அவனையே இடைமறித்தார்கள். கடைசியில் அவன் என்னைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று மரியாதைக்குக் கேட்டான். நான் மரியாதைக்குச் சும்மா இருந்திருக்கலாம். "இவன் ஆபிரகாமின்ர மகன் எண்டா, இஞ்ச இருக்கிற நான் ஆர்? கேட்டுச் சொல்லு" என்று உன்னிடம் தமிழில் சொன்னேன். மொழிபெயர்க்க முன் நீ என்னை ஒருமுறை பார்த்தாய். உன் காது சிவந்திருந்தது. ஆனால் ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாய், அதை நான் கவனித்தேன்.

ரபி, பெற்றவரை மதிக்க வேண்டிய கடமை மாறிவந்தவருக்கும் உண்டு, அது சட்டம் என்றான். பாசல் நகரத்தில் இருந்து வந்த பல் டொக்டர் அம்மா அவனை விடவில்லை. "அவர் சட்டம் கேக்கேல்லை, தான் எங்க போறது எண்டு கேக்கிறார்" என்று சொன்னதாக நீ எனக்குச் சொன்னாய். தாடிக்காரர் ஒருவர், ஆபிரகாமும் தன் தகப்பன் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்தானே என்றார். அப்படியென்றால் அந்தத் தகப்பனுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.  எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினார்கள். தகப்பன் பெயர் தேராகு. அவரும் என்னைப் போலச் சிலை வைத்துக் கும்பிட்டவராம். வேதத்தில் முதலில் அவர் செத்தார் என்று எழுதியிருக்கிறது, அதற்கு அடுத்துத்தான் மகன் புறப்பட்டது வருகிறது. ஆனால் வயதுகளைக் கூட்டிப் பார்த்தால் மகன் போன பிறகும் அவர் கனகாலம் உயிரோடு இருந்திருக்கிறார். கிழவனைத் தனியே விட்டுவிட்டுப் போனான் என்று மகனுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்றுதான் மரணத்தை முன்னால் எழுதியது என்று பழைய உரைகாரர்கள் சொல்கிறார்களாம். நீ இதைச் சொல்லி முடிக்க, எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "அப்ப, மனிசன் உயிரோட இருக்கேக்கையே எழுத்தில சாகடிச்சுப் போட்டினமோ?" என்று கேட்டேன். நீ அதையும் சொன்னாய். பல் டொக்டர் அம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த மேசையில் நடந்ததை நான் எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். தேராகுவின் பக்கத்தில் நின்று ஒரு கூட்டம், மகனின் பக்கத்தில் நின்று ஒரு கூட்டம். இது அநியாயம் என்கிறார் ஒருவர், அநியாயம் இல்லை, மரியாதை என்கிறார் இன்னொருவர். தகப்பன் பக்கம் இருந்து இதை யோசித்ததே இல்லை என்று அந்த ரபிப் பையன் வாய்விட்டு ஒத்துக்கொண்டான். அடுத்த சாப்பாடு வந்து ஆறிக்கொண்டிருக்க, முப்பது பேர் என்னுடைய வயிற்றெரிச்சலை ஒரு பாடமாக வைத்துப் படித்தார்கள். நம்முடைய சனம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிற்று, இவர்கள் என்னோடு இருந்து சண்டை பிடித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. முடியும் தறுவாயில் பல் டொக்டர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொன்று கண்டுபிடித்தார். "தேராகுவுக்கு இன்னொரு பிள்ளை இருந்தது. அது புறப்பட்டதா இஞ்ச எழுதேல்லை. அதைப் பற்றி நாங்கள் ஒருதரும் கதைக்கிறேல்லை" என்றாராம். நீ மொழிபெயர்த்துவிட்டு அடுத்த ஆளின் பேச்சுக்குப் போய்விட்டாய். நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ரயிலில் வரும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்தேன். எனக்கு இன்னொரு பிள்ளை இருக்கிறது. நீ நிலையத்தில் இருந்து எழும்ப முடியாமல் கிடந்தபோது ஓடிவந்த பிள்ளை. என் இரத்த அழுத்த மாத்திரையை மாதம் மாதம் வாங்கித் தருகிற பிள்ளை. கொள்ளிக்கு மகன் இல்லை என்று நான் மூன்று மாதமாக மூக்கால் அழுதபோது, மகள் இருக்கிறாள் என்று எனக்கு ஒருமுறையும் தோன்றவில்லை. திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஓம் அப்பா, நான் வைப்பன். நீங்கள் இப்ப புட்டு ஆறமுதல் சாப்பிடுங்கோ" என்றாள். கோயில் ஐயரைத் தொலைபேசியில் கேட்டேன். மகன் இருக்கத்தக்கதாகவோ என்று இழுத்தார். அம்மா தொலைபேசியை என் கையில் இருந்து பறித்து, "ஏன் ஐயா, மகள் வைச்சா நெருப்புப் பிடிக்காதோ?" என்று கேட்டாள். இந்த ஊரில் கொள்ளி என்பதே சுடலை மண்டபத்தில் ஒரு பொத்தானை அழுத்துவதுதான். ஆண் கை, பெண் கை என்று பார்க்க அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. ஐயரும் கடைசியில் ஓம் என்றார்.

ஆகவே மே மாதத்து விஷயம் இரண்டுக்கும் பதில் இதுதான். கொள்ளியைத் தங்கச்சி வைப்பாள். நீ அவளுக்குப் பக்கத்தில் நில், உன் தொப்பியோடு நில், உனக்குத் தெரிந்த பிரார்த்தனையை உன் பாஷையில் சொல். ஐயர் முகம் சுளித்தால் அம்மா பார்த்துக்கொள்வாள். உன் சபையில் இருந்து யாராவது சாப்பாடு கொண்டுவந்தால் வாங்கு. பெயரைப் பொறுத்தவரை, அவர்கள் உன்னை ஆபிரகாமின் மகன் என்று கூப்பிடட்டும். நான் இந்த நாட்டுக்கு வந்து பதிவுக் கந்தோரில் என் பெயரை உன் குடும்பப் பெயராக எழுதியதால், வங்கியில் இருந்து வரிக் கந்தோர் வரை எல்லாரும் உன்னை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆபிரகாமுக்குச் சனிக்கிழமை, எனக்கு மற்ற ஆறு நாள். கணக்குப் பார்த்தால் எனக்குத்தான் லாபம். இலையுதிர் காலத்தில் அந்தச் சடங்குக்கு நானும் அம்மாவும் வருகிறோம். வெளியில் நிற்க வேண்டும் என்றால் வெளியில் நிற்போம்.

கடைசியாக ஒன்று இருக்கிறது. இதைத் தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். அவள் முதலில் முடியாது என்றாள், பிறகு அழுதாள், பிறகு ஓம் என்றாள். வெள்ளிக்கிழமை பொழுது படுமுன் நீ தொலைபேசியை அணைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு ஏதும் நடந்து முடிந்துவிட்டால், உன்னைத் தேடி ஆள் அனுப்பக்கூடாது, உன் கதவைத் தட்டக்கூடாது. சனிக்கிழமை இருட்டி நீயாகத் தொலைபேசி எடுக்கும்வரை அவளும் அம்மாவும் பொறுத்திருப்பார்கள். நீ உன் சாப்பாட்டைச் சாப்பிடு. உன் ஆட்களோடு இருந்து சண்டை பிடித்துப் படி. மத்தியானம் புல்லில் நித்திரை கொள். எல்லாருக்கும் நான் செத்த பிறகும், அந்த ஒரு நாள் உனக்கு மட்டும் நான் உயிரோடு இருப்பேன்.

அப்பா